அன்னை மரியாவின் காலணிப் பூ



பிப்ரவரி 2ஆம் நாள் நம் ஆலயங்களில் மெழுகுதிரிகளை மந்திரித்து, கையில் ஏந்திப் பவனி வருகிறோம். ஆண்டவரைக் கோவிலில் காணிக்கையாக ஒப்புக்கொடுத்த விழா அது. அந்த நாளில் நம் ஊரில் மல்லிகை விலை சற்று ஏறியிருக்கும், அவ்வளவுதான். பூவே இல்லாத ஒரு காலம் என்பது நமக்குத் தெரியாது. பீடத்துக்குச் செவ்வந்தி வாங்கலாம், செண்டுமல்லி வாங்கலாம், ஒன்றும் கிடைக்காவிட்டால் வேலியோரத்து அரளியாவது இருக்கும்.

இங்கிலாந்திலும் ஜெர்மனியிலும் போலந்திலும் வாழ்ந்த பழைய கிறிஸ்தவர்களுக்கு அப்படி இல்லை. நவம்பரில் உறையத் தொடங்கும் மண் பிப்ரவரி வரை இறுகிக் கிடக்கும். மரங்களில் இலை இருக்காது. அந்த நிலையில் பனியைத் துளைத்துக்கொண்டு, விரல் உயரத்தில், தலை கவிழ்ந்த வெள்ளைப் பூ ஒன்று வெளியே வரும். பனித்துளிப் பூ என்று அதற்குப் பெயர். இங்கிலாந்துக் கிராமத்தார் அதற்கு வேறொரு பெயரும் வைத்திருந்தார்கள்: மெழுகுதிரி விழா மணி. குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி அன்னை மரியா எருசலேம் கோவிலுக்குப் போன நாளை ஒட்டிப் பூப்பதால் அந்தப் பெயர். நாள்காட்டி வாங்க வசதியில்லாத, எழுத்தும் தெரியாத மக்களுக்கு விழா வந்துவிட்டது என்று சொன்னது அந்தப் பூ.

இங்கிலாந்தின் வால்சிங்காம் என்ற ஊரில் அன்னை மரியாவின் புகழ்பெற்ற திருத்தலம் இருந்தது. 1538இல் எட்டாம் ஹென்றி மன்னரின் ஆணையால் அது இடிக்கப்பட்டது. இன்று அந்தத் துறவுமடத்தின் இடிபாடுகளைச் சுற்றிப் பிப்ரவரியில் பனித்துளிப் பூக்கள் வெள்ளைக் கம்பளம் விரித்ததுபோல் பூக்கின்றன. அவற்றைப் பார்க்கவே மக்கள் திரண்டு வருகிறார்கள். துறவியர் நட்ட பூக்கள்தாம் இன்றும் பூக்கின்றன என்று வழிகாட்டிகள் சொல்வதுண்டு. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இங்கிலாந்தில் இப்பூ தோட்டச் செடியாகக் குறிக்கப்படுவது 1597இல் வெளிவந்த ஜான் ஜெரார்டின் மூலிகை நூலில். காட்டில் தானாக வளர்வதாகக் குறிப்பு கிடைப்பது 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான். ஆகவே துறவியர் நட்டார்கள் என்பதற்கு உறுதியான சான்று இல்லை. பிடித்த கதை என்பதற்காக அதை வரலாறு என்று சொல்லிவிடக் கூடாது அல்லவா?

பெயர்களின் வரலாறு அப்படிப்பட்டதல்ல. அது உறுதியானது, பழைய நூல்களில் பதிவாகியிருப்பது. பனித்துளிப் பூ தொடங்கி ஆகஸ்ட் 15, மரியன்னையின் விண்ணேற்பு விழா வரை, வசந்தமும் கோடையும் முழுவதும் பூக்கும் செடிகளுக்கெல்லாம் ஐரோப்பிய உழவர்கள் அன்னையின் வீட்டுப் பொருள்களைப் பெயராக வைத்தார்கள். மார்ச் 25, வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன திருநாள். அதை அடுத்து ஈரப் புல்வெளிகளில் வெளிர் ஊதா நிறத்தில் பூப்பது மாதாவின் மேலங்கி. ஏப்ரலில் மஞ்சள் கொத்தாகத் தொங்குவது மாதாவின் சாவிக்கொத்து. ஜெர்மானியர் அதையே விண்ணகச் சாவி என்றார்கள், சில ஊர்களில் புனித பேதுருவின் சாவி. ஜூனில் மணி மணியாகத் தொங்கும் நச்சுச் செடிப் பூ, மாதாவின் கையுறை. இலையில் பால் வழிந்ததுபோல் வெள்ளைக் கோடுகள் ஓடும் முட்செடியைப் பார்த்து, திருக்குழந்தைக்குப் பாலூட்டியபோது சிந்திய துளிகள் என்றார்கள். இன்றும் கல்லீரல் மருந்துக்காகக் கடைகளில் விற்கப்படும் அந்தச் செடியை ஜெர்மானியர் மரியாவின் முட்செடி என்றே அழைக்கிறார்கள்.

இவற்றில் நமக்கு மிகவும் பிடித்தது மாதாவின் படுக்கைப் புல். கோடையில் பொன்மஞ்சள் நிறத்தில் பொடிப் பொடியாய்ப் பூக்கும் காட்டுச் செடி அது. காய்ந்தால் புதிதாய் அறுத்த வைக்கோல்போல் மணக்கும். அதனால் ஏழைகள் தங்கள் மெத்தைகளுக்குள் அதைத் திணித்தார்கள். பெத்லகேமில் அன்னை படுத்தது இந்தப் புல்லின்மேல்தான், திருக்குழந்தையைத் தாங்கியதால் அதன் வெள்ளைப் பூக்கள் பொன்னிறமாயின என்பது கதை. பாலைத் தயிர்போல் உறையவைத்துப் பாலாடைக்கட்டி செய்யவும் அதே செடியைப் பயன்படுத்தினார்கள். படுக்கை, பசு, பால், குழந்தை எல்லாம் ஒரே செடியில் சேர்ந்துவிட்டன. இந்தப் பெயரை எந்த மறைவல்லுநரும் சூட்டவில்லை. பேறுகாலத்தில் வைக்கோல் படுக்கையில் கிடந்த பெண்கள், தங்களைப்போல் ஒருத்தியாக அன்னையை நினைத்துச் சூட்டியிருக்க வேண்டும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

நம் சந்தைகளில் கிலோ கணக்கில் வாங்கும் செண்டுமல்லிக்கு ஆங்கிலத்தில் மேரிகோல்டு என்று பெயர். மரியாவின் பொன் என்று பொருள். ஆனால் அந்தப் பெயரை முதலில் பெற்றது இது அல்ல. ஐரோப்பியத் தோட்டங்களில் இருந்த வேறொரு ஆரஞ்சு நிறப் பூவுக்கு உரியது அது. நம்முடைய செண்டுமல்லி மெக்சிகோ நாட்டுச் செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து கப்பலில் வந்தபோது, நிறம் ஒத்திருந்ததால் அன்னையின் பெயர் அதற்கும் ஒட்டிக்கொண்டது.

துறவுமடத் தோட்டங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஜெர்மனிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையில் உள்ள கான்ஸ்டன்ஸ் ஏரியில் ரைகெனாவ் என்றொரு தீவு. அங்கே புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவுமடம் இருந்தது. அதன் தலைவராயிருந்த வாலாஃப்ரிட் ஸ்டிராபோ, 9ஆம் நூற்றாண்டில், தம் சிறு தோட்டத்தைப் பற்றி இலத்தீனில் 444 அடிகள் கொண்ட கவிதை ஒன்று எழுதினார். மடத் தலைவர் என்றால் ஆள் வைத்துத் தோட்டம் போட்டிருப்பார் என்று நினைக்க வேண்டாம். வாசலுக்கு முன்னால் காஞ்சொறி மண்டிக் கிடந்ததையும், அதன் வேர்கள் மண்ணுக்குள் பின்னிக் கிடந்ததையும், தாமே கிளறி எடுத்ததையும், கையில் காய்ப்பு ஏறியதையும் எழுதுகிறார். பிறகு ஒவ்வொரு செடியாகச் சொல்லிக்கொண்டு போகிறார். பெரும்பாலும் மூலிகைகள், காய்கள். சுரைக்கொடி எப்படிப் பந்தல் ஏறுகிறது என்பதற்கே பல அடிகள். இறுதியில் லீலியும் ரோஜாவும் சேர்ந்து வருகின்றன. லீலி நம்பிக்கைக்கும் தூய்மைக்கும், ரோஜா மறைச்சாட்சியரின் இரத்தத்துக்கும் அடையாளமாக.

புனித அந்தோணியார் சுரூபத்தில், புனித சூசையப்பர் கையிலுள்ள கோலில் நாம் பார்க்கிறோமே, அதே வெள்ளை லீலிதான். கிழக்கு மத்தியதரைக் கடல் நாடுகளின் பூ. தமிழ்நாட்டின் சமவெளியில் அது வளராது. அதனால் நம்மில் பலர் சுண்ணாம்பிலும் பிளாஸ்டிக்கிலும் மட்டுமே அதைப் பார்த்திருக்கிறோம்.

வாலாஃப்ரிட்டின் வாழ்வு பூப்போல அமைதியாக இருக்கவில்லை. அரச குடும்பத்துச் சண்டையில் தவறான பக்கம் நின்றதாகச் சொல்லி 840இல் அவரை மடத்திலிருந்து விரட்டினார்கள். இரண்டு ஆண்டுகள் கழித்துத்தான் திரும்ப முடிந்தது. 849இல் அரச தூதராகப் பயணம் போனபோது, லுவார் ஆற்றைக் கடக்கையில் மூழ்கி இறந்தார். வயது ஏறத்தாழ நாற்பதுதான். அவருடைய தோட்டக் கவிதை இன்றும் படிக்கப்படுகிறது.

அவர் காலத்துக்குச் சற்று முன்பு அதே ரைகெனாவில் வரையப்பட்ட துறவுமட வரைபடம் ஒன்று, சுவிட்சர்லாந்தின் புனித கால் மட நூலகத்தில் இன்றும் இருக்கிறது. கன்றுத்தோல் துண்டுகளைச் சேர்த்துத் தைத்து வரைந்தது. அதில் நோயாளர் இல்லத்துக்குப் பக்கத்தில் மூலிகைத் தோட்டம் இருக்கிறது. அந்தப் பாத்திகளில் லீலிக்கும் ரோஜாவுக்கும் இடம் குறித்திருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தால் வியப்பாயிருக்கும். கல்லறைகளுக்கு நடுவே ஆப்பிள், பேரி முதலிய பழ மரங்களின் பெயர்கள் எழுதியிருக்கின்றன. இறந்த சகோதரர்களின்மேல் பூத்துக் காய்க்கும் தோப்பு அது.

இப்படித் துறவியர் வளர்த்தவை பாத்திக்குள் அடங்கிய செடிகள். பாத்திக்கு வெளியே தானாக முளைக்கும் பூக்களைப் பற்றிக் கவலைப்பட்டவர் அசிசி நகர் புனித பிரான்சிஸ். புனிதர் இறந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் சகோதரர் தோமா செலானோ எழுதிய இரண்டாம் வாழ்க்கை வரலாற்றில் அந்தச் செய்தி இருக்கிறது. தோட்ட வேலை செய்த சகோதரரிடம், நிலம் முழுவதையும் கொத்திக் காய்கறி போட்டுவிட வேண்டாம், ஓரத்தில் ஒரு பகுதியை அப்படியே விட்டுவிடுங்கள் என்றாராம். பச்சைப் புல்லும் காட்டுப் பூக்களும் தத்தம் காலத்தில் அங்கே வந்து, தங்களைப் படைத்தவரைப் புகழட்டும் என்பதற்காக. அதோடு, மணமுள்ள மலர்ச் செடிகளுக்கென்றும் ஒரு சிறு பாத்தி ஒதுக்கச் சொன்னார்.

அந்தச் சகோதரர்கள் பிச்சை எடுத்து உண்டவர்கள் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. காய்கறி கூடுதலாக விளைந்தால் ஒரு வேளைச் சாப்பாடு கூடும். அப்படியிருந்தும் நிலத்தில் ஒரு துண்டை விட்டுவைக்கச் சொன்னார். திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்ற சுற்றுமடலின் 12ஆம் எண்ணில் இந்த நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறார். ஆண்டவர் இயேசுவும் மலைப்பொழிவில், வயல்வெளி மலர்களைப் பார்க்கச் சொன்னபோது, தோட்டப் பூக்களைச் சொல்லவில்லை. உழைப்பதும் நூற்பதும் இல்லாமல் தானாகப் பூப்பவற்றைச் சொன்னார். சாலமோனின் பட்டு அவற்றுக்கு ஈடாகவில்லை என்றார். அவை சிவந்த காட்டு அனிமோனிப் பூக்களாய் இருக்கலாம் என்பது அறிஞர் பலரின் கருத்து. கலிலேயாவில் குளிர்கால மழைக்குப் பின் குன்றுகளெல்லாம் அவற்றால் சிவக்கும். சில வாரத்தில் வெயில் ஏறினால் எல்லாம் காய்ந்து சருகாகும். விறகுக்குப் பஞ்சமான அந்த நாட்டில் ஏழைப் பெண்கள் அந்தச் சருகை வாரிக்கொண்டு போய் அப்பம் சுடும் அடுப்பில் இடுவார்கள். நாளை அடுப்பில் போடப்படும் புல் என்று ஆண்டவர் சொன்னது அவர்கள் தினமும் கண்ணால் கண்ட காட்சி.

இனி நம் தலைப்புக்கு வருவோம். மே மாதம், மாதா வணக்க மாதம். அந்த மாதத்தின் முடிவில், சுண்ணாம்புக்கல் நிலத்துக் காடுகளில் ஓர் ஆர்க்கிட் பூக்கும். மஞ்சள் நிறத்தில் முட்டைபோல் உப்பிய சிறு பை, அதைச் சுற்றி முறுக்கிய கருஞ்சிவப்பு இதழ்கள். குழந்தையின் காலணி போலவே இருக்கும். பைக்குள் விழும் தேனீ வந்த வழியே ஏற முடியாது. பின்பக்கத்துச் சிறு இடுக்கின் வழியாகத்தான் வெளியேற வேண்டும், போகும்போது மகரந்தத்தை முதுகில் சுமந்துகொண்டு போகும். ஐரோப்பா முழுவதும் அதை மாதாவின் காலணி என்றுதான் சொன்னார்கள். தாவர அறிஞர்களும் இலத்தீனில் மரியாவின் காலணி என்றே எழுதிவந்தார்கள்.

1753இல் சுவீடன் நாட்டு அறிஞர் கார்ல் லின்னேயஸ் உலகச் செடிகளுக்கெல்லாம் இரட்டைப் பெயர் சூட்டிய நூலை வெளியிட்டார். அதில் இந்தப் பூ சிப்ரிபீடியம் என்று ஆயிற்று. சிப்ரஸ் தீவின் தெய்வமான வீனஸின் காலணி என்பது அதன் பொருள். மரியாவின் காலில் இருந்ததைக் கழற்றி வீனஸின் காலில் போட்டுவிட்டார் என்று கத்தோலிக்கர் சிலர் இன்றும் அவரைக் குறை சொல்வதுண்டு. லூத்தரன் போதகரின் மகன், வேறென்ன செய்வார் என்பார்கள். அது நியாயமான பேச்சு அல்ல. முன்பு சொன்ன வெள்ளைக் கோட்டு முட்செடிக்கு மரியாவின் பெயரை அதே நூலில் அவர்தாம் நிலைநிறுத்தினார். அது இன்றும் மாறாமல் இருக்கிறது. அவருக்குக் கிரேக்கப் புராணம் பிடிக்கும், அவ்வளவுதான்.

பெயர் போனதைவிடப் பெரிய இழப்பு பிறகு வந்தது. இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயர் போன்ற சுண்ணாம்புக்கல் பகுதிகளில், மாதாவின் காலணிப் பூ ஒரு காலத்தில் பல இடங்களில் இருந்தது. அழகு கண்ணைப் பறித்ததால் மக்கள் பறித்தார்கள். பூவைப் பறித்தவர்கள் ஒருபுறம். கிழங்கோடு தோண்டிச் சந்தையில் விற்றவர்கள், வாங்கிப் போய்த் தோட்டத்தில் நட்டவர்கள், ஏட்டில் ஒட்டிப் பாதுகாத்த தாவரச் சேகரிப்பாளர்கள் இன்னொருபுறம். 19ஆம் நூற்றாண்டில் ஆர்க்கிட் வளர்ப்பது வசதி படைத்தவர்களிடையே ஒரு வெறியாகவே ஆனது. அந்தப் பூவின்மேல் யாருக்கும் பகை இல்லை. அதை அழித்தவர்கள் எல்லாரும் அதை நேசித்தவர்கள். இந்தச் செய்தி நம் மனத்தை உறுத்துகிறது. வெறுப்பினால் வரும் கேட்டை நாம் எளிதில் அடையாளம் கண்டுகொள்கிறோம். எனக்கு மட்டும் என்று எடுத்துக்கொள்ளும் அன்பினால் வரும் கேடு கண்ணில் படுவதில்லை.

1917இல் அந்தப் பூ இங்கிலாந்தில் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். 1930இல் யார்க்‌ஷயர் பள்ளத்தாக்கு ஒன்றில் ஒரே ஒரு செடி கண்டுபிடிக்கப்பட்டது. நாடு முழுவதிலும் தானாக வளர்ந்தது என்று தெரிந்தது அது ஒன்றுதான். கண்டவர்கள் இடத்தை வெளியே சொல்லவில்லை. தலைமுறை தலைமுறையாக ஒரு சிலர் மட்டும் அந்த இரகசியத்தைக் காத்தார்கள். பூக்கும் காலத்தில் பக்கத்திலேயே காவல் இருந்தார்கள். தேனீ வராத ஆண்டுகளில் கையாலேயே மகரந்தம் சேர்த்துப் பார்த்தார்கள்.

விதை கிடைத்தாலும் வேலை எளிதல்ல. ஆர்க்கிட் விதை தூசியைப் போன்றது. மற்ற விதைகளுக்கு இருப்பதுபோல் உள்ளே கட்டுச்சோறு கிடையாது. மண்ணில் உள்ள ஒருவகைப் பூஞ்சை துணைக்கு வந்தால்தான் முளைக்கும். இலண்டனில் உள்ள கியூ அரசத் தாவரத் தோட்டத்தின் அறிஞர்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் குப்பிகளில் அவற்றை முளைக்கவைக்கப் பல ஆண்டுகள் பாடுபட்டார்கள். 1989 முதல் நாற்றுகளைக் காட்டில் கொண்டுபோய் நடத் தொடங்கினார்கள். முதல் பூ பூத்தது 2000ஆம் ஆண்டில். பதினோரு ஆண்டுகள் காத்திருந்து ஒரு பூ.

ஒரு பூவுக்கு இவ்வளவா என்று யாரேனும் கேட்கலாம். இதை மட்டும் தனியாகப் பார்த்தால் அந்தக் கேள்வி சரிதான். ஆனால் இங்கிலாந்தில் 1930களில் இருந்த பூ நிறைந்த புல்வெளிகளில் நூற்றுக்கு 97 பங்கு அடுத்த ஐம்பது ஆண்டுகளில் இல்லாமல் போயின. போர்க்காலத்தில் உணவுக்காக உழுதார்கள். பிறகு உரம் போட்டு ஒரே வகைப் புல்லை வளர்த்தார்கள், களைக்கொல்லி தெளித்தார்கள். மாதாவின் சாவிக்கொத்தும் மேலங்கியும் படுக்கைப் புல்லும் வளர்ந்தது அந்தப் புல்வெளிகளில்தான். உழவர்களை நாம் குற்றம் சொல்ல மாட்டோம். பசித்த நாட்டுக்குச் சோறு போடத்தான் உழுதார்கள். ஓரத்துத் துண்டை விட்டுவைக்கச் சொல்ல மட்டும் அங்கே யாரும் இல்லை.

உழாமல் மிஞ்சிய இடங்களில் ஒன்று கோவிலைச் சுற்றியுள்ள பழைய கல்லறைத் தோட்டம். அங்கே ஏர் போகவில்லை, உரம் போகவில்லை. ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தை இறைவனின் வயல் என்று சொல்வார்கள். மற்ற வயல்களில் அழிந்த பூக்கள் பல இந்த வயலில் தப்பிப் பிழைத்தன. அதை உணர்ந்த பங்குகள் சிலவற்றில், வசந்தத்தில் புல் வெட்டுவதை நிறுத்தி, பூ விதையாகும்வரை பொறுத்திருந்து, கோடையின் பிற்பகுதியில் வெட்டுகிறார்கள். முதல் ஆண்டில் முறையீடுகள் வரும், நம்மவர் கல்லறை காடாகக் கிடக்கிறதே என்று. அது நியாயமான வருத்தம்தான். அதனால் கல்லறைகளுக்குப் போகும் நடைபாதையை மட்டும் சீராக வெட்டிவிட்டு, மற்றதை விடுகிறார்கள்.

நம் பங்குகளிலும் நவம்பர் 2ஆம் நாள் கல்லறைத் திருநாளுக்கு முன் கல்லறைத் தோட்டம் துப்புரவாகிறது. அப்போது நமக்கு மழைக்காலம். தும்பையும் குப்பைமேனியும் கீழாநெல்லியும் தலை தூக்கும் நேரம். முன்பெல்லாம் அரிவாளும் மண்வெட்டியும் கொண்டு இளைஞர்கள் சேர்ந்து வேலை செய்வார்கள். வேரும் விதையும் மண்ணில் தங்கும். இப்போது பல ஊர்களில் களைக்கொல்லி அடித்துவிடுகிறோம். கோவில் வளாகம் முழுவதும் சிமெண்டுக் கல் பதித்துவிடுகிறோம். திருவிழாக் கூட்டத்துக்குச் சேறு இல்லாத தரை வேண்டும் என்பது உண்மை. மதில் ஓரத்தில் நான்கு முழம் மண்ணை விட்டுவைத்தால் தேர் ஓடாதா என்பதையும் பங்குப் பேரவையில் யாராவது கேட்க வேண்டும்.

பூ மறையும்போது பெயரும் மறைகிறது. 2007இல் இங்கிலாந்தில் வெளியான ஆக்ஸ்போர்டு சிறுவர் அகராதியில், இடம் போதாமல், பழைய சொற்கள் பல நீக்கப்பட்டன. புல்வெளி மலர்களின் பெயர்கள் பல போயின. அதே பதிப்பில் ஆயர், துறவி, பீடம், சிற்றாலயம் என்ற சொற்களும் போயின. இவை இன்றைய சிறுவர் அதிகம் பயன்படுத்தாத சொற்கள் என்றார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததல்ல. எழுத்தாளர்கள் பலர் பிறகு கண்டனக் கடிதம் எழுதினார்கள், பூக்களின் பெயர்களுக்காக. பூவும் கோவிலும் குழந்தைகளின் வாயிலிருந்து ஒரே நேரத்தில் விலகிப்போனதை நாம்தாம் கவனித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தப் பெயர்களை மீட்க முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வுட்ஸ் ஹோல் என்ற கடற்கரை ஊர். கடல்வாழ் உயிர்களை ஆராயும் புகழ்பெற்ற ஆய்வுக்கூடம் 1888 முதல் அங்கே இயங்குகிறது. அதன் இயக்குநராயிருந்த அறிவியலாளர் ஃபிராங்க் லில்லியின் மனைவி ஃபிரான்சஸ் கிரேன் லில்லி, கத்தோலிக்க மறையைத் தழுவியவர். 1929இல் அவ்வூர்ப் புனித சூசையப்பர் ஆலயத்துக்கு எதிரே, குளக்கரையில், மூவேளைச் செபத்துக்கு மணி அடிக்கும் கற்கோபுரம் ஒன்றைக் கட்டிக் கொடுத்தார். மணிகள் இரண்டு. ஒன்றுக்கு மெண்டல் என்று பெயர். தம் மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளின் பூக்களைக் கொண்டு மரபியலின் விதிகளைக் கண்டறிந்த அகுஸ்தீன் சபைத் துறவி அவர். மற்றொன்றுக்கு லூயி பாஸ்டர் பெயர். ஆய்வுக்கூடத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கும் அறிவியலாளர்களின் காதில் விழட்டும் என்றே அந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்திருக்க வேண்டும்.

1932இல் அந்தக் கோபுரத்தின் அடியில் அவர் மாதா தோட்டம் ஒன்றை அமைத்தார். நடுவில் அன்னையின் சுரூபம். சுற்றிலும் பழைய நாட்களில் அன்னையின் பெயரைத் தாங்கிய செடிகள் மட்டும். அமெரிக்காவில் பொதுமக்களுக்காக அமைந்த முதல் மாதா தோட்டம் அதுவே என்பார்கள். அதைப் பின்பற்றி, 1951இல் பிலடெல்பியாவில் ஜான் ஸ்டோக்ஸ், எட்வர்ட் மெக்டேக் என்னும் பொதுநிலையினர் இருவர் ஒரு பணியைத் தொடங்கினார்கள். பழைய மூலிகை நூல்களையும் நாட்டுப்புறச் சொற்களையும் துருவி, அன்னையின் பெயருள்ள நூற்றுக்கணக்கான செடிகளைப் பட்டியலிட்டார்கள். விதைகளைச் சிறு உறைகளில் போட்டு, பழைய பெயரையும் எழுதி, கேட்டவர்களுக்கு அஞ்சலில் அனுப்பினார்கள். வீட்டு முற்றங்களிலும் பள்ளிகளிலும் அந்தத் தோட்டங்கள் பரவின.

ஐரோப்பாவில் ஒரு வழக்கம் மட்டும் யாரும் மீட்கத் தேவையில்லாமல் தொடர்கிறது. ஆகஸ்ட் 15 அன்று பவேரியாவிலும் ஆஸ்திரியாவிலும் போலந்திலும் பெண்கள் ஆலயத்துக்கு மூலிகைக் கட்டு கொண்டுவருகிறார்கள். போலந்தில் அந்த விழாவையே மூலிகைகளின் இறையன்னை விழா என்று மக்கள் அழைக்கிறார்கள். கடையில் வாங்கிய பூச்செண்டு அல்ல அது. வயலோரத்தில், வேலியில், தோட்டத்தில் அந்தந்த ஆண்டு எது பூத்ததோ அது. எத்தனை வகை இருக்க வேண்டும் என்பதற்கு ஊருக்கு ஊர் கணக்கு உண்டு, ஏழு அல்லது ஒன்பது, அதற்கு மேலும். குருவானவர் செபித்துத் தீர்த்தம் தெளிக்கிறார். கட்டை வீட்டுக்குக் கொண்டுபோய், பாடுபட்ட சுரூபத்துக்குப் பக்கத்தில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைக்கிறார்கள். இடி மின்னல் மிகுந்தால் அதிலிருந்து ஒரு கிள்ளு எடுத்து அடுப்பில் போடுவார்கள். மாட்டுக்கு நோய் வந்தால் தீவனத்தில் கொஞ்சம் சேர்ப்பார்கள். அடுத்த ஆகஸ்டில் புதுக் கட்டு வரும்வரை அது சுவரில் தொங்கும். அதில் என்னென்ன செடிகள் வேண்டும் என்று பாட்டி பேத்தியிடம் சொல்லிப் பறித்துவரச் சொல்கிறாள். பேத்தி வயலில் தேடுகிறாள்.